ஒரு ராத்திரியின் ஆக்ஸிஜன் கணக்கு



2021-ல் கொரோனா இரண்டாம் அலை வந்தபோது நம்மில் பலர் வீட்டுக்கு ஒரு சின்னக் கருவி வந்து சேர்ந்தது. விரலில் மாட்டினால் சிவப்பு வெளிச்சத்தோடு 97, 98 என்று காட்டுமே, அந்தப் பல்ஸ் ஆக்ஸிமீட்டர்தான். அப்போது கடைக்காரர் சொன்னதே விலை. பிறகு அந்த வருஷம் ஜூலை 20 முதல் இதற்கும் வேறு நான்கு கருவிகளுக்கும் வியாபார லாபம் 70 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று மத்திய அரசு வரம்பு கட்டியது. இன்று பல வீடுகளில் அது பீரோவில் சும்மா கிடக்கிறது. எங்கள் வீட்டில் கிடந்ததை எடுத்து ஒரு ராத்திரி வேலை வாங்கினேன். அந்தக் கதையும் அதன் பின்னால் உள்ள பாடமும்தான் இந்தக் கட்டுரை.

தேசூரில் என் பெரியப்பா பட்டு நெய்கிறவர். அவர் குறட்டை தெருக்கோடி வரை கேட்கும். அது எங்களுக்கு வேடிக்கை. பகலில் நடந்ததுதான் வேடிக்கை இல்லை. தறியில் உட்கார்ந்தபடியே கண் சொக்கும், நாடா கையிலேயே நின்றுவிடும். பாவு வாங்க ஆரணிக்கு மொபெட்டில் போய் வருகிறவர், ஒருநாள் ரோட்டோரப் புளியமரத்துக்குப் பக்கத்தில் போய்த்தான் கண் விழித்தாராம். அன்றைக்குத்தான் பெரியம்மா பயந்துபோய், "ராத்திரில மூச்சு நின்னு நின்னு வருதுடா. டிப்ளமோ படிக்கிறியே, இன்னான்னு பாரேன்" என்றார்.

காலையில் கருவியை மாட்டினேன். 97. "பாத்தியா, எனக்கு ஒண்ணுமில்ல" என்று சிரித்தார் பெரியப்பா. அந்த 97 உண்மைதான். ஆனால் நாம் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுவதுதான் 'ஸ்லீப் ஆப்னியா'. 10 விநாடிக்கு மேல் மூச்சு நின்றால் அதை ஒரு தடவை என்று கணக்கில் எடுப்பார்கள். விழித்தவுடன் பாதை திறந்துவிடும், ரத்தமும் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆக, விழித்திருப்பவரை அளந்து தூக்கத்தைத் தெரிந்துகொள்ள முடியாது.

கருவி எப்படி வேலை செய்கிறது? உள்ளே இரண்டு எல்.இ.டி.கள். ஒன்று 660 நானோமீட்டர் சிவப்பு, மற்றது 940 அளவில் அகச்சிவப்பு. எதிரே ஒரு போட்டோ டையோடு. ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பைக் குறைவாகவும் அகச்சிவப்பை அதிகமாகவும் உறிஞ்சும். ஆக்ஸிஜன் இறங்கியது இதற்கு நேர்மாறு. தோல், எலும்பு, சிரை எல்லாம் சேர்ந்து மாறாத டி.சி. பகுதி. தமனி துடிப்பதால் வருவது ஏ.சி. பகுதி. ஒவ்வொரு ஒளிக்கும் ஏ.சி.யை டி.சி.யால் வகுத்து, சிவப்பின் விடையை அகச்சிவப்பின் விடையால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். அதை 25-ஆல் பெருக்கி 110-லிருந்து கழித்தால் சதவீதம் என்பது பாடப்புத்தகத் தோராயம். விகிதம் 0.5 என்றால் 97.5, 1 என்றால் 85. போட்டுப் பாருங்கள்!

இதைக் கண்டுபிடித்த தாகுவோ அயோயாகி டாக்டர் இல்லை, நம்மைப் போல எலெக்ட்ரிக்கல் படித்த ஜப்பான் என்ஜினீயர். நிஹோன் கோடன் கம்பெனியில் 1970-களின் தொடக்கத்தில், ரத்தத்தில் சாயம் செலுத்தி, காது மடல் வழியாக ஒளி பாய்ச்சி, இருதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று அளக்கப் பார்த்தார். நாடித்துடிப்பு நாய்ஸாக வந்து தொல்லை கொடுத்தது. அதை நீக்க இரண்டாவது அலைநீளத்தைச் சேர்த்தார். ஆக்ஸிஜன் மாறும்போதெல்லாம் அந்த நீக்கம் சரியாக வரவில்லை. அப்படியானால் அந்தத் துடிப்பை வைத்தே ஆக்ஸிஜனை அளக்கலாமே என்று பிடித்துக்கொண்டார்! 1974-ல் அதை வெளியிட்டார். 2020 ஏப்ரலில், உலகமே அந்தக் கருவியைத் தேடிக்கொண்டிருந்த மாதத்தில், காலமானார்.

இனி அந்த ராத்திரி. பெரியப்பா விரலில் கருவி, என் கையில் நோட்டும் டார்ச்சும். 15 விநாடிக்கு ஒரு தடவை எழுதினேன். குறட்டை சட்டென்று நின்றது. மார்பு ஏறி இறங்குகிறது, மூக்கில் காற்றே இல்லை. கருவியோ 95 என்றே காட்டுகிறது. அரை நிமிஷம் கழித்து ஒரு பெரிய உறுமலோடு மூச்சு வந்தது. அதற்கப்புறம்தான் எண் இறங்க ஆரம்பித்தது: 92, 89, 86! கருவி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். இல்லை. நுரையீரலிலிருந்து ரத்தம் விரல் நுனிக்கு வரவே நேரமாகும். கருவியும் பல துடிப்புகளின் சராசரியைத்தான் காட்டும். நாம் பார்ப்பது கொஞ்சம் முந்தைய நிலையை. ஒரு மணி நேரத்தில் 4 சதவீதமோ அதற்கு மேலோ இறங்கியது 22 தடவை. கிராப் தாளில் போட்டால் அசல் ரம்பப் பல்!

97-க்கும் 86-க்கும் 11 தானே வித்தியாசம் என்று பரீட்சை மார்க் மாதிரி பார்க்காதீர்கள். ஆக்ஸிஜன் அழுத்தத்துக்கும் சதவீதத்துக்கும் உள்ள கோடு நேர்க்கோடு அல்ல. மேலே தட்டையாகப் போய், 90 சதவீதத்தில், அதாவது சுமார் 60 மி.மீ. பாதரச அழுத்தத்தில் இருந்து செங்குத்தாகச் சரியும். 75 சதவீதம் என்றால் அழுத்தம் 40 தான்.

என் முறையில் குறைகள் நிறைய. மூன்று மணிக்கு நானே தூங்கிவிட்டேன். கனவுத் தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம், பலருக்கு அடைப்பும் அப்போதுதான் மோசம். ராத்திரி முழுக்க மெமரியில் பதியும் மணிக்கட்டு, மோதிர மாடல்கள் இருக்கின்றன, அவைதான் இதற்குச் சரி. விரல் சில்லிட்டிருந்தாலோ, நகப்பூச்சு, மருதாணி இருந்தாலோ அளவு பிசகலாம். சாயப்பட்டறைக்காரர்கள் கறையில்லாத விரலாகப் பார்த்து மாட்டவேண்டும். கருத்த தோலில் உண்மையைவிட அதிகமாகக் காட்டக்கூடும் என்பதை 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர்கள் மருத்துவமனைப் பதிவுகளை வைத்தே காட்டினார்கள். முக்கியமாக ஒன்று: எண் இறங்காவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. சிலருக்கு ஆக்ஸிஜன் இறங்குமுன்பே மூளை தட்டி எழுப்பிவிடும். தூக்கம்தான் துண்டு துண்டாகும்.

நோட்டைப் பார்த்த டாக்டர், "இதை வச்சு நோய்னு எழுத முடியாது, டெஸ்டுக்கு அனுப்ப இது போதும்" என்றார். பெரியப்பாவைக் கிளப்புவதுதான் பெரும்பாடு. "குறட்டைக்குப் போய் ஆஸ்பத்திரியா!" என்று ஒரு மாதம் இழுத்தடித்தார். கடைசியில் அந்த கிராப் தாளைத்தான் காட்டினேன். பாவில் இழை அறுந்த இடத்தைத் தேடுவதுபோல் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இத்தினி தடவையா?" என்றார்.

வேலூரில் ஒரு ராத்திரி பரிசோதனை. தலையில் வயர்கள், மூக்கில் குழாய், மார்பில் பெல்ட், அத்தனைக்கும் நடுவே அதே விரல் கிளிப். மணிக்கு 30-ஐத் தாண்டினால் கடுமையான வகை, பெரியப்பா தாண்டியிருந்தார். முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும் மெஷின் தந்தார்கள். 1981-ல் ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் அறிவித்த முறை அது. ஆரம்பத்தில் வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துச் செய்தாராம்.

முதல் வாரம் முகமூடியைக் கழற்றிக் கழற்றி எறிந்தார். இப்போது தறியில் சொக்குவதில்லை. கரண்ட் போனால்தான் பிரச்சினை. மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் வாட்டை எட்டு மணி நேரத்தால் பெருக்கி, 12 வோல்ட் பேட்டரிக்கு எத்தனை ஆம்பியர்-ஹவர் வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.