வெள்ளத்தின் ஓரமே உண்மையான கோடு
நிழல் தீட்டிய நில வரைபடங்களைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

வலிகாமத்தில் மீள்குடியேறிய கிராமம் ஒன்றின் சனசமூக நிலையத்தில், சில வருடங்களுக்கு முன்பு, ஒரு கூட்டத்தில் நாமும் இருந்தோம். வெள்ளவாய்க்கால்களை எங்கே வெட்டுவது, மதகுகளை எங்கே வைப்பது என்பதே அன்றைய பேச்சு. சுவரில் அழகான வரைபடம் ஒன்று தொங்கியது. நிலத்தின் மேடு பள்ளங்கள் கையால் தொடலாம் போல எழும்பித் தெரிந்தன. கிராமத்தின் தெற்கே ஒரு மேடு. அங்கே தண்ணீர் நிற்காது, ஆகவே வாய்க்கால் தேவையில்லை என்று விளக்கம் தரப்பட்டது. நாமும் தலையாட்டினோம்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "அது மேடில்லை சுவாமி. அது எங்கட பனங்கூடல். மாரிக்கு முழங்காலளவு தண்ணி அங்கதான் நிக்கிறது" என்றார். கூட்டம் முடிந்ததும் அவருடன் போய்ப் பார்த்தோம். அவர் சொன்னதே சரி. வரைபடம் பனைமரங்களின் வட்டை நிலமென்று எண்ணி மேடாகக் காட்டியிருந்தது.

அப்பெரியவர் அன்று வராமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மதகு வேறிடத்தில் அமைந்திருக்கும். மாரி வெள்ளம் வெங்காயத் தறைகளில் நின்று அழுகச் செய்திருக்கும். மலக்குழித் தண்ணீர் கிணறுகளில் கலந்திருக்கும். ஆகவே இப்பாடத்தில் இத்தகைய வரைபடம் எவ்வாறு ஆக்கப்படுகிறது, அதில் என்னென்ன பிழைகள் வருகின்றன, அவற்றை நாமே எப்படிக் கண்டுபிடிப்பது என்பவற்றைப் பார்ப்போம்.

1. படம் எப்படிப் பிறக்கிறது?

கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு சமவுயரக் கோடு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் புவியியல் பாடத்தில் இதைப் படிக்கிறார்கள். கடதாசிப் படத்திலுள்ள இக்கோடுகளைக் கணினியில் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து வரைந்து, ஒவ்வொரு கோட்டுக்கும் அதன் உயரத்தை எண்ணாகக் கொடுக்கிறார்கள். இரண்டு கோடுகளுக்கு இடையிலுள்ள நிலத்தின் உயரத்தைக் கணினி ஊகித்து நிரப்புகிறது. பின்னர் வடமேற்கிலிருந்து ஒரு விளக்கு எரிவதாகக் கணக்கிட்டு, ஒளிபடும் சரிவை வெளிச்சமாகவும் மறுபக்கச் சரிவை இருட்டாகவும் தீட்டுகிறது.

இதில் மூன்று விடயங்களை நினைவில் வையுங்கள். கோடுகள் அளந்தவை, இடைவெளி ஊகித்தது, நிழல் அந்த ஊகத்தின்மேல் தீட்டியது. இருட்டு என்றால் பள்ளம் என்று எண்ணக்கூடாது. இருட்டு என்பது விளக்குக்கு முதுகு காட்டும் சரிவு மட்டுமே.

2. எமது மண்ணில் ஏன் கூடுதல் கவனம் வேண்டும்?

இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அது வெளியிட்ட பழைய 'ஒரு அங்குல' இடவிளக்கப்படங்களில் 100 அடிக்கு ஒரு சமவுயரக் கோடு உண்டு. மலைநாட்டுக்கு அது போதும். எமது குடாநாட்டிலோ நிலம் எங்கும் 100 அடி உயரவில்லை. ஆகவே அப்படங்களில் எமக்குக் கோடே இல்லை. எமது ஊர்களுக்கான கோடுகள் பெரிய அளவுத்திட்டப் படங்களிலிருந்தோ, ஆங்காங்கே அளந்த புள்ளி உயரங்களிலிருந்தோதான் வரவேண்டும்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். 10 கிலோமீற்றர் தூரத்தில் நிலம் 5 மீற்றர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 100 மீற்றருக்கு இறக்கம் 5 சென்றிமீற்றர் மட்டுமே. ஒரு வயல் வரம்பின் உயரம்கூட அதைவிட அதிகம்! வலிகாமத்தின் மழைவெள்ளத்தை அராலிப் பக்கமாகக் கடலேரிக்குக் கொண்டுசெல்லும் வழுக்கையாறும் இத்தகைய மெல்லிய சரிவையே நம்பி ஓடுகிறது. பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1954 இல் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டமும் ஆனையிறவு, வடமராட்சிக் கடலேரிகளின் நீர்மட்டத்தை நன்கு அறிந்தே வகுக்கப்பட்டது. மலைநாட்டில் ஒரு மீற்றர் பிழை படத்தைக் கெடுக்காது. இங்கே ஒரு மீற்றர் பிழை வெள்ளத்தின் திசையையே மாற்றிக் காட்டிவிடும்.

3. பிழைகளும் பரிகாரங்களும்

(அ) படம் முழுவதும் கறுப்பும் வெள்ளையுமாகக் கலங்கித் தெரிதல்: பெரும்பாலும் அளவு அலகில்தான் பிழை. கிடைத்தூரம் பாகையிலும் உயரம் மீற்றரிலும் இருந்தால் கணினி குழம்பும். எமது பகுதியில் ஒரு பாகை ஏறக்குறைய 110 கிலோமீற்றர். கணினியோ அதை ஒரு மீற்றரைப் போல எடுத்துக்கொள்வதால் சிறு மேடும் செங்குத்துச் சுவராகிவிடும். நிழல் தீட்டுமுன் தரவுகளை மீற்றரில் அமைந்த தேசிய ஆள்கூற்று முறைக்கு மாற்றவேண்டும்.

(ஆ) படிக்கட்டுகள்: நிலம் படிப்படியாக வெட்டிய குளக்கரைபோலத் தெரிந்தால் காரணம் இரண்டு. கோடுகள் தூரதூரமாக இருக்கும்போது ஒரே கோட்டிலுள்ள மூன்று புள்ளிகளைக் கணினி இணைத்து, அந்த இடத்தைச் சமதரையாக்கிவிடும். அல்லது உயரத்தை முழு மீற்றரில் மட்டும் பதிந்திருப்பார்கள். மேலே சொன்ன கணக்கின்படி முழு மீற்றர் மாறுவதற்கு 2 கிலோமீற்றர் போகவேண்டும். அதுவரை சமதரை, பிறகு திடீர்ப் படி! பரிகாரம்: புள்ளி உயரங்களையும் வாய்க்கால் கோடுகளையும் சேர்த்துக் கொடுப்பது, உயரத்தைத் தசமத்தில் பதிவது.

(இ) திடீர் மதில் அல்லது கிடங்கு: ஒரு கோட்டுக்குத் தவறான எண் கொடுக்கப்பட்டிருக்கும். 5 என்பது 50 ஆகியிருக்கலாம். அடியும் மீற்றரும் கலந்திருக்கலாம். ஓர் அடி 0.3048 மீற்றர் மட்டுமே. கோடுகளுக்கு உயரப்படி நிறம் கொடுத்துப் பார்த்தால் பிழையான கோடு தனித்துத் தெரியும். அடுத்தடுத்த இரு கோடுகளின் உயரம் ஒன்றாக இருக்கும், அல்லது ஓர் இடைவெளியால் மாறும். அதற்குமேல் பாய்ந்தால் பிழை.

(ஈ) நேர்கோட்டு வெடிப்பு: இரண்டு படத்தாள்கள் சேரும் ஓரத்தில் கோடுகள் பொருந்தாவிட்டால் நிலத்தில் இல்லாத ஒரு வெடிப்புத் தெரியும். ஓரக்கோடுகளை இணைக்கவேண்டும். தேவையான பகுதிக்கு வெளியேயும் சிறிது தூரம் சேர்த்து வரையவேண்டும்.

(உ) கடலேரி நிலமாதல்: கரையோரத்தைப் பூச்சியக் கோடாகக் கொடுக்க மறந்தால், கணினி இக்கரையிலிருந்து அக்கரைக்கு நிலத்தை நீட்டிவிடும். கடலையும் கடலேரியையும் தனியாக வெட்டி ஒதுக்கவேண்டும்.

(ஊ) மேடு பள்ளமாகத் தெரிதல்: விளக்கைத் தெற்கில் வைத்தால் எமது கண் ஏமாறும். தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், பள்ளம் மேடாகும். வடமேற்கிலிருந்து, அதாவது 315 பாகையிலிருந்து, 45 பாகை உயரத்தில் ஒளி விழச்செய்வதே வழக்கம்.

(எ) பனங்கூடல் மலையாதல்: கோடு இல்லாத இடங்களை நிரப்புவதற்கு விண்ணிலிருந்து எடுத்த அளவுகளைச் சேர்ப்பதுண்டு. 2000 பெப்ரவரியில் எண்டெவர் என்ற விண்வெளி ஓடம் 11 நாட்கள் உலகைச் சுற்றி ராடார் மூலம் நில உயரங்களை அளந்தது. சிறந்த வேலைதான். எனினும் அந்த அலைகள் அடர்ந்த மரங்களையும் கூரைகளையும் முழுதாக ஊடுருவி நிலத்தைத் தொடுவதில்லை. அதன் செம்மைக்கு வைத்த இலக்கும் 16 மீற்றர். பல இடங்களில் அதைவிடத் திருத்தமாகவே அமைந்தது. ஆனாலும் நாம் கேட்பது சென்றிமீற்றர்க் கணக்கு. அத்துடன் அது 2000 ஆம் ஆண்டின் காட்சி. பின்னர் எழுந்த மண் அணைகளும் வீதிகளும் அதில் இல்லை.

(ஏ) குளங்களை நிரப்பிவிடுதல்: நீரோட்டத்தைக் கணிக்கும் கணினி நிரல்கள், வெளியே வழியில்லாத பள்ளங்களைப் பிழையென்று எண்ணி நிரப்பிவிடுவது வழக்கம். எமது குடாநாடு சுண்ணாம்புக்கல் பாறைமேல் அமைந்தது. இங்கே அப்பள்ளங்கள் மெய்யானவை. புத்தூரின் நிலாவரைக் கிணறு அத்தகைய நிலத்தின் சாட்சி. மழைநீரைத் தாங்கி நிலத்தடிக்கு அனுப்பும் எமது குளங்களும் அவ்வாறே. அவற்றை நிரப்பிய படத்தை நம்பி மண்ணாலும் நிரப்பினால், கிணறுகள் வற்றும், உவரும் ஏறும். நிரப்பமுன் எந்தக் குளம், எந்தக் கேணி என்று ஊராரிடம் கேட்கவேண்டும்.

இன்னொன்று: எமது தட்டையான நிலத்தைக் கண்ணுக்குக் காட்ட உயரத்தை ஐந்து, பத்து மடங்காகப் பெருக்குவார்கள். அது தவறல்ல. ஆனால் பிழையும் அதே மடங்கு பெருகும். எத்தனை மடங்கு என்பதைப் படத்தின் அடியில் எழுதும்படி கேளுங்கள்.

4. நாமே சோதிக்கும் இரண்டு வழிகள்

முதலாவது, மேசன்மார் மட்டம் பிடிக்கும் குழாய். 20 மீற்றர் அளவில், உள்ளே தெரியக்கூடிய பிளாஸ்ரிக் குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். சென்றிமீற்றர் குறித்த இரண்டு தடிகளை நிலத்தில் நிறுத்தி, குழாயின் இரு முனைகளையும் அவற்றோடு சேர்த்துப் பிடியுங்கள். இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு தடியில் 82, மற்றதில் 90 என்றால், 90 காட்டும் இடம் 8 சென்றிமீற்றர் பள்ளம். மதகின் மேற்பக்கம், கோயிற்படி, கிணற்றுக்கட்டு போன்ற அசையாத இடத்தில் தொடங்கி, ஊரைச் சுற்றி வந்து அதே இடத்தில் முடியுங்கள். ஏற்ற இறக்கங்களைக் கூட்டினால் பூச்சியம் வரவேண்டும். சில சென்றிமீற்றர் பிசகினால் பாதகமில்லை. கூடினால் மறுபடி அளக்கவேண்டும்.

இரண்டாவது வழிக்குச் செலவே இல்லை. அசையாமல் நிற்கும் தண்ணீர் தன் மட்டத்தைத் தானே பிடிக்கும். ஆகவே தேங்கிய வெள்ளத்தின் ஓரம் முழுவதும் ஒரே உயரம். அதுவே இயற்கை வரைந்த சமவுயரக் கோடு! கார்த்திகை, மார்கழி மழை விட்டபின், காற்று அடங்கிய காலையில், வெள்ளத்தின் ஓரத்தில் பத்தடிக்கு ஒரு முளை அடியுங்கள். இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் இறங்கியதும் இன்னொரு வரிசை அடியுங்கள். இரண்டு வரிசைக்கும் இடையிலான உயரத்தைக் குழாயால் அளந்துகொள்ளுங்கள். ஓடும் வெள்ளத்தில் இதைச் செய்யக்கூடாது. அதன் மட்டம் சரிவானது. 2008 நவம்பரில் நிஷா புயல் கொண்டுவந்த வெள்ளம் எந்தச் சுவரில் எவ்வளவு ஏறியது என்பது உங்களிற் பலருக்கு நினைவிருக்கும். அதையும் குறியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: கண்ணிவெடி அகற்றியதாக உறுதிப்படுத்தப்படாத காணிக்குள் எந்த அளவுக்காகவும் இறங்கவேண்டாம்.

5. காணிக்கு இன்னும் திரும்பாதோருக்கு

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களுள் காணி இன்னும் கைக்கு வராதோர் உள்ளனர். அளக்க நிலமில்லையே என்று அவர்கள் ஒதுங்கிவிடக்கூடாது. எந்த வாய்க்கால் யாருடைய வேலியோரமாகப் போனது, எந்த ஒழுங்கையில் வெள்ளம் பாய்ந்தது, எந்தப் பரப்பில் புகையிலை வைத்தால் வேர் அழுகியது என்பன எந்தக் கணினியிலும் இல்லை. முதியோரின் நினைவில்தான் உண்டு. அவர்கள் ஒவ்வொருவராக எம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்த மாரிக்கு முன்னரே பிள்ளைகளை அருகே இருத்தி, ஒரு கொப்பித் தாளில் அவற்றை வரைவியுங்கள். காணி விடுபடும் நாளில் வரைபடத்தோடு வருபவரிடம் கொடுக்க உங்களிடமும் ஒரு படம் இருக்கும்.

வரைபடத்தை வெறுக்கும்படி நாம் சொல்லவில்லை. ஊர்முழுவதையும் ஒரே பார்வையில் காட்ட அதைவிட நல்ல கருவி இல்லை. பிரதேச செயலகமும் கமநல சேவை நிலையமும் படத்தோடு வருவது நல்லதே. ஆனால் அதன் கோடுகளை ஊரார் சோதிக்கவேண்டும், சோதனையின் முடிவை எழுத்தில் கொடுக்கவேண்டும். நாம் முதலில் சொன்ன கிராமத்தில் பின்னர் அப்படித்தான் நடந்தது. பெரியவர் காட்டிய இடங்களில் முளை அடித்து, குழாயால் அளந்து, அந்த உயரங்களைப் படம் வரைந்தவரிடம் கொடுத்தோம். அவர் மகிழ்ச்சியோடு வாங்கித் திருத்தினார். வாய்க்கால் பனங்கூடலின் ஓரமாகவே வெட்டப்பட்டது.

கூடிப் பேசுவதற்கு:

1. உங்கள் ஊரில் மாரி வெள்ளம் எந்த வழியாக வெளியேறியது? இன்று அவ்வழியை எது மறித்திருக்கிறது?

2. ஊரில் தூர்ந்துபோன அல்லது நிரப்பப்பட்ட குளம், கேணிகள் எவை? அவற்றின் பெயர்களைப் பிள்ளைகள் அறிவார்களா?

3. உங்கள் பகுதிக்கு வரைபடம் உண்டா? அதில் உயரம் எங்கிருந்து எடுக்கப்பட்டது, எத்தனை மடங்கு பெருக்கப்பட்டது என்று யாரிடம் கேட்பீர்கள்?

4. இந்த மாரியில் முளை அடிக்க யார் யார் முன்வருவீர்கள்?