புக்கிட் மேரா ஏரியும் அதன் உயிர்களும்

ஈப்போவிலிருந்து பட்டர்வொர்த்தை நோக்கி இரயிலில் செல்வோர், தைப்பிங்கைக் கடந்தபின் ஓரிடத்தில் இருமருங்கிலும் நீர் பரந்து கிடக்கக் காண்பர். அதுவே புக்கிட் மேரா ஏரி. அது இயற்கை தந்த ஏரியன்று. கிரியான் மாவட்டத்து நெல்வயல்களுக்கு நீர் பாய்ச்சுவதற்காகக் குராவ் ஆற்றைத் தடுத்து, 1906ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட நீர்த்தேக்கம். மலாயாவின் முதற் பெரும் பாசனத் திட்டம் இதுவே. அதற்கு முன்னரே கிரியானின் கரும்புத் தோட்டங்களில் நம் முன்னோர் பலர் உழைத்து வந்தனர். அத்தோட்டங்கள் பின்னர் இரப்பருக்கு மாறின.

ஓடும் ஆறு தேங்கி ஏரியாகும்போது அதில் வாழும் உயிர்களும் மாறுகின்றன. ஓட்டத்தை நாடும் மீன்கள் மேலாற்றுக்கு ஒதுங்குகின்றன. நிலைநீரை விரும்புபவை பெருகுகின்றன. புக்கிட் மேரா ஆழம் குறைந்த ஏரியாதலால், தெளிந்த இடங்களில் கதிரொளி அடிமண் வரை சென்று நீர்ச்செடிகளை வளர்க்கிறது. செடிகளிடையே புழுபூச்சிகளும், அவற்றைத் தின்னும் சிறுமீன்களும், சிறுமீனைத் தின்னும் விராலும் தோமானும் வாழ்கின்றன. இவற்றை நம்பிக் கொக்கும் மீன்கொத்தியும் வருகின்றன. மீன்பிடிப்போரின் பிழைப்பும் இச்சங்கிலியின் ஒரு கண்ணிதான்.

இவ்வேரியின் பெயரை உலகறியச் செய்தது அரோவானா என்னும் மீன். மலாய்மொழியில் அதனைக் கெலிசா என்பர். பொன்னிறச் செதிலுடைய இம்மீனில் குஞ்சைக் காப்பது தாயன்று, தந்தை! தாய் இடும் சில பத்து முட்டைகளைத் தந்தைமீன் வாயில் அடக்கி, குஞ்சுகள் நீந்தும் வரை ஏறத்தாழ இரண்டு திங்கள் காக்கிறது. ஆயிரக்கணக்கில் முட்டையிடும் மீன்களைப் பிடித்தால் அவை விரைவில் பெருகிவிடும். இம்மீனோ அவ்வாறு மீள்வதில்லை. குஞ்சுகளுக்காகத் தந்தைமீனைப் பிடிப்பது ஒரு தலைமுறையையே எடுத்துச் செல்வதாகும். அழகுமீன் வணிகத்தில் இதற்குப் பெருவிலை கிடைத்தமையால் காட்டுமீன்கள் அருகிப்போயின. 1975இல் நடைமுறைக்கு வந்த அனைத்துலக உடன்படிக்கை காட்டு அரோவானாவின் வெளிநாட்டு வாணிகத்தைத் தடைசெய்தது. இன்று பதிவுபெற்ற பண்ணைகளில் பிறந்து, அடையாளச் சில்லு பொருத்தப்பட்ட மீன்களே கடல்கடந்து செல்லலாம்.

ஏரியின் நலத்தைக் கெடுப்பன யாவை? முதலாவது மண். மேலாற்றுப் பகுதியில் காடழித்துத் தோட்டமிட்ட நிலங்களிலிருந்து ஒவ்வொரு பெருமழையும் மண்ணைக் கரைத்து வருகிறது. மண் படியப்படிய ஏரி கொள்ளும் நீர் குறைகிறது. கலங்கல் நீரில் ஒளி புகாமையால் செடிகள் மடிகின்றன. 2016ஆம் ஆண்டு எல் நினோ வறட்சியின்போது நீர்மட்டம் பெரிதும் தாழ்ந்ததை வடபேராவில் வாழ்வோர் மறந்திரார். அத்தகைய காலத்தில் நெல்வயலும் குடிநீர்க் குழாயும் மீனும் ஒரே நீருக்காகப் போட்டியிடுகின்றன.

இரண்டாவது உரம். செம்பனைக்கும் நெல்லுக்கும் இடும் உரத்தில் ஒரு பகுதி மழையில் கரைந்து கால்வாய்கள் வழியே நீர்நிலைகளைச் சேர்கிறது. அது பாசிக்கு விருந்து. பாசி பகலில் உயிர்வளியை வெளிவிடும். இரவிலோ தானே உட்கொள்ளும். பாசி மிகுந்த குளத்தில் விடியற்காலை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவிப்பது இதனாலேயே. செம்பனை ஆலைக் கழிவுநீரும் இவ்வாறே உயிர்வளியை உறிஞ்சும். அக்கழிவைக் கட்டுப்படுத்தும் விதிமுறைகள் 1977இல் வந்தன. உரத்துக்கு அவ்வளவு எளிதாக வேலி போட இயலாது என்பதே நம் கருத்து.

மூன்றாவது அயல் உயிர்கள். மீன்தொட்டிகளுக்கென வந்த கபோம்பா என்னும் தென்னமெரிக்கச் செடி இவ்வேரியில் அடர்ந்து பரவியுள்ளது. ஜப்பானியர் காலத்தில் ஜாவாவிலிருந்து வந்த திலாப்பியாவோ இன்று நம் ஈயக்குட்டைகளெல்லாம் நிறைந்திருக்கிறது.

ஈயக்குட்டை என்றதும் கிந்தா பள்ளத்தாக்கு நினைவுக்கு வரும். 1985இல் ஈயத்தின் விலை சரிந்தபின் கைவிடப்பட்ட குட்டைகள் இங்கே ஏராளம். பத்து காஜாவுக்கு அருகே அத்தகைய குட்டைகள் சிலவற்றைச் சுற்றிப் புதர்கள் வளர, சாம்பல் நாரை, செந்நாரை, இராக்கொக்கு முதலியன கூட்டமாய்க் கூடு கட்டின. கிந்தா இயற்கைப் பூங்கா என்று அவ்விடம் பெயர்பெற்றது. மனிதர் தோண்டிப் பாழாக்கிய நிலத்தில் அழைப்பின்றி வந்து குடியேறிய விருந்தினர் அவை!

நீரின் தெளிவை நாமே அளந்தறியலாம். 1865இல் செக்கி என்ற இத்தாலிய அறிஞர் வெண்ணிற வட்டத் தட்டு ஒன்றைக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தார். இரண்டு சாண் சுற்றளவுள்ள வெள்ளைத் தட்டு, அதன் அடியில் ஒரு கல், அரை முழத்துக்கொரு முடிச்சிட்ட கயிறு ஆகியவை போதும். ஈயக்குட்டைகளின் கரை செங்குத்தானது, ஆழம் கண்ணுக்குத் தெரியாதது. ஆகவே மாணவர் தனியே செல்லலாகாது. ஆசிரியருடனோ பெற்றோருடனோ படகுத்துறையில் நின்று தட்டை இறக்குக. ஒன்று நினைவிற் கொள்க: சதுப்புக்காட்டு நீர் தேநீர் நிறமாயிருப்பது அழுக்கினாலன்று, உதிர்ந்த இலைகளின் சாற்றினால். அரோவானா அத்தகைய நீரிலும் வாழும். ஆனால் பெருமழைக்கு மறுநாள் தட்டு இரண்டு முடிச்சு முன்னதாகவே மறைந்தால், அது மேட்டு நிலத்திலிருந்து இறங்கிவந்த மண்.