காட்டுக்கு யார் உரம் போட்டா? ஒரு வரவு செலவுக் கணக்கு

"மலையில எவன் சார் உரம் போடுதான்? மரம் வளரலையா?"

சீவலப்பேரியில் நான் நிலம் வாங்கிய புதிதில் பக்கத்து வயல் அண்ணாச்சி கேட்டது இது. வங்கியில் முப்பது வருஷம் கணக்குப் பார்த்தவன் நான். கேள்வி நியாயமாகப் பட்டது, உரத்தை நிறுத்திட்டேன். ஆனால் வைக்கோலை வழக்கம்போல விற்றேன், அடித்தாளைக் கொளுத்தினேன். ரெண்டே போகத்தில் பயிர் வெளிறிப் போச்சு. அண்ணாச்சி கேள்வியில் தப்பில்லை. நான்தான் கணக்கில் பாதியை விட்டுட்டேன்.

மலையின் வரவு

மாஞ்சோலைக்கு மேலே கக்காச்சியில் இருப்பது பசுமைமாறா மழைக்காடு. தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு பருவமழையும் அங்கே உண்டு. வருஷத்துக்கு 3,000 மி.மீ.க்கு மேல் பெய்யும். நமக்கு அதில் கால்பங்குதான்.

அமெரிக்கச் சூழலியலாளர் விட்டேக்கர் 1975-இல் உலகச் சராசரிகளைத் தொகுத்தார். செடிகள் தம் சுவாசச் செலவு போக வருஷத்தில் சேர்க்கும் காய்ந்த எடை, ஏக்கர் கணக்கில் இப்படி வரும்:

- வெப்பமண்டல மழைக்காடு: சுமார் 9 டன்
- குளிர்நாட்டு இலையுதிர் காடு: சுமார் 5 டன்
- வடகோடி ஊசியிலைக் காடு: சுமார் 3 டன்
- பயிர் நிலம்: சுமார் 2.6 டன்
- ஆழ்கடல்: அரை டன்
- பாலைப் புதர்: அரை டன்னுக்கும் குறைவு

இதில் நெல்மணி மட்டுமல்ல. வேர், தாள், இலை எல்லாம் சேர்ந்தது.

மழைக்காடு ஏன் முந்துகிறது? குளிரோ வறட்சியோ வந்து இலையைக் கொட்டவைப்பதில்லை. வருஷம் முழுக்கப் பச்சை. வெடிப்பலா போன்ற நெடுமரம், அதன் கீழே சிறுமரம், புதர், செடி என அடுக்கடுக்காக வெயிலைப் பிடிக்கின்றன. ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே சுமார் 8 சதுர மீட்டர் இலை!

நடப்புக் கணக்கும் வைப்பு நிதியும்

இவ்வளவு விளையும் மண் கொழுத்த மண்ணாகத்தானே இருக்கணும்? மலையில் ரோட்டுக்காக வெட்டிய இடத்தில் பார்த்தேன். கறுப்பு மண் ஒரு சாண்கூட இல்லை. கீழே வெறும் செம்மண்.

குளிர்நாட்டில் விழுந்த இலை மட்க வருஷக்கணக்காகும். சத்து மண்ணில் வைப்பு நிதி மாதிரி தங்கும். மழைக்காட்டில் சூடும் ஈரமும் இருப்பதால் பூஞ்சணமும் கறையானும் சீக்கிரமே இலையை மட்கவைக்கும். மேலாகப் பரவிய வேர் உடனே சத்தை உறிஞ்சிக்கொள்ளும். அது நடப்புக் கணக்கு. இருப்பு சொற்பம், புழக்கம் பெரிசு. சத்தில் பெரும்பங்கு மரத்தில்தான் நிற்கிறது. அதனால்தான் மரத்தை வெட்டிக் கொண்டுபோனால் சில வருஷத்தில் மண் ஓய்ந்துவிடுகிறது.

ஆக, அண்ணாச்சி கேள்விக்குப் பதில் இதுதான்: காட்டில் யாரும் உரம் போடுவதில்லை, யாரும் அறுத்துக் கொண்டுபோவதும் இல்லை.

என் வயலில்

நாம் அறுக்கிறோம். நெல் எடுக்கும் சாம்பல்சத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் இருக்கிறது. அதை விற்றதும் கொளுத்தியதும் நான் பேரேட்டில் எழுதாத செலவு.

இன்னொன்று, பச்சை நாட்கள். கார் நட்டு அறுக்க 90 நாள், பிசானத்துக்கு 110 நாள். மீதி 165 நாள் என் வயல் வெறுமையாக வெயிலில் காய்ந்தது.

இப்போது செய்வது நாலே வேலை. பிசானம் அறுக்கும் முன் ஈரத்திலேயே உளுந்து விதைக்கிறேன். கார் நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுகிறேன். வைக்கோல் மாட்டுக்குப் போகிறது, தொழுவுரமாகத் திரும்புகிறது. குலை வெட்டிய வாழைத்தண்டை வாழைக்கே மூடாக்காகப் போடுகிறேன்.

விளைச்சல் ரெட்டிப்பாச்சு என்று சொல்லமாட்டேன். பழைய மூட்டைக் கணக்குக்குத் திரும்ப நாலு வருஷம் ஆச்சு. ஆனால் உரக்கடையில் பாக்கி இல்லை.

நீங்களும் ஒரு நோட்டில் ரெண்டு பத்தி போட்டு எழுதிப் பாருங்க. வயலில் பச்சை இருந்த நாள் எத்தனை? வயலை விட்டுப் போனது என்ன, திரும்பி வந்தது என்ன? உரத்தை நிறுத்துவது அதற்கு அப்புறம்தான்.