ஓட்டுநர் உரிமமும் உடன்வரும் பொறுப்புகளும்

பெங்களூரு மாநகரில் பதிவு செய்யப்பட்டுள்ள வாகனங்களின் எண்ணிக்கை ஒரு கோடியைக் கடந்துவிட்டது. அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இருசக்கர வண்டிகளாகும். அந்நகரின் ஞானபாரதியில் அமைந்துள்ள தானியங்கித் தேர்வுத் தளத்தில், எட்டு வடிவப் பாதையில் வண்டியைச் செலுத்தும் திறனையும், பின்னோக்கிச் சென்று நிறுத்தும் திறனையும் உணர்கருவிகள் மதிப்பிடுகின்றன. கையும் காலும் பெற்ற பயிற்சியை இக்கருவிகள் அளக்க வல்லவை. ஆனால், தம்மால் பிறருக்குத் தீங்கு நேராமல் காக்க வேண்டும் என்னும் பொறுப்புணர்வை எந்தத் தேர்வுத் தளமும் அளக்க இயலாது. அப்பொறுப்பைச் சட்டம் எவ்வாறு வகுத்துள்ளது என்பதை மாணவரும் அலுவலரும் அறிந்திருத்தல் இன்றியமையாததாகும்.

உரிமையும் உரிமமும்

நாடெங்கும் தடையின்றி இயங்கும் உரிமையை நமது அரசியலமைப்புச் சட்டம் குடிமக்களுக்கு வழங்கியுள்ளது. எனினும், பொதுச் சாலையில் மோட்டார் வாகனம் ஓட்டுவது அனைவருக்கும் பொதுவாகத் தடை செய்யப்பட்டதேயாகும். நிபந்தனைகளுக்கு உட்பட்டு, தகுதியுடையோருக்கு மட்டும் அத்தடையை நீக்கும் ஆணையே உரிமம். நிபந்தனை மீறப்படின் அதனைத் திரும்பப் பெறவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. 1914, 1939 ஆம் ஆண்டுகளின் சட்டங்களை அடுத்து வந்த 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 2019 இல் செய்யப்பட்ட திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது.

கடந்த காலத்தின் கணக்கு இக்கடுமைக்குக் காரணம் கூறும். 2022 ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். இறந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 71 பேரின் மரணத்திற்கு மிகுவேகம் காரணமாகக் குறிக்கப்பட்டுள்ளது. தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் 50,029 பேர். அவர்களுள் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். வண்டியை ஓட்டுபவர், தம்மை நம்பி ஏறியவரின் உயிருக்கும் பொறுப்பாளி என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

விண்ணப்பத்திலேயே தொடங்கும் கடமை

உரிமம் கையில் கிடைக்கும் முன்னரே பொறுப்பு தொடங்கிவிடுகிறது. விண்ணப்பிப்பவர் தம் உடல்நிலை குறித்துத் தாமே உறுதிமொழி தருகிறார். வலிப்பு நோயோ திடீர் மயக்கமோ உடையவர் அதனை மறைத்துக் கையெழுத்திட்டால், ஏமாற்றப்படுவது அலுவலகம் மட்டுமன்று. சாலையில் எதிரே வரும் முன்பின் அறியாத மனிதரும் ஆவார். உரிமம் பெற்ற பின்னர் பார்வை மங்கினாலும், நோய் வந்தாலும், தாமாகவே ஓட்டுவதை நிறுத்திக்கொள்வதும் இக்கடமையில் அடங்கும்.

பழகுநர் உரிமம் ஆறு மாதங்களுக்குச் செல்லும். அக்காலத்தில் உரிமம் பெற்ற ஒருவர் பயிற்றுநராக உடன் அமர்ந்திருக்க வேண்டும். வண்டியில் 'எல்' என்னும் எழுத்து தெரிய வேண்டும். உரிமத்தை உரிய காலத்தில் புதுப்பித்தலும் கடமையே. காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் கடந்துவிட்டால் மீண்டும் தேர்வு எழுதி, ஓட்டிக் காட்ட வேண்டும்.

சாவியை ஒப்படைப்பவரின் பொறுப்பு

உரிமம் இல்லாதவர் தம் வண்டியை ஓட்ட இடந்தரக் கூடாது என்று சட்டத்தின் 5 ஆம் பிரிவு உரிமையாளரைக் கட்டுப்படுத்துகிறது. பதினெட்டு வயது நிரம்பாத மகன் கடைத்தெருவரை சென்று வரட்டும் என்று சாவியைக் கொடுக்கும் தந்தையர் நம்மிடையே பலர். 2019 இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறார் குற்றம் புரிந்தால் பாதுகாவலருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டுச் சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு நீக்கப்படும். அச்சிறாருக்கு 25 வயதுவரை உரிமம் வழங்கப்படாது.

பண இழப்பும் உண்டு. உரிமம் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தாலும், பாதிக்கப்பட்டோருக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு வழங்கி, பின்னர் அத்தொகையை உரிமையாளரிடமிருந்து வசூலிக்கலாம் என்னும் நெறியை உச்ச நீதிமன்றம் சுவரண் சிங் வழக்கில் 2004 இல் வகுத்தது. ஒரு நாள் கவனக்குறைவு ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பைக் கரைத்துவிடக் கூடும்.

விபத்து நேர்ந்த பின்

உரிமம் பெற்றவரின் பண்பு உண்மையில் சோதிக்கப்படுவது விபத்து நேர்ந்த கணத்திலேயாகும். தப்பியோடத் தூண்டும் அச்சம் இயல்பானது. சட்டமும் அதனை அறியாததன்று. கூட்டத்தின் ஆத்திரத்தால் இயலாதபோது விலக்கு அளிக்கிறது. மற்ற வேளைகளில், காயமுற்றவரை அருகிலுள்ள மருத்துவரிடமோ மருத்துவமனைக்கோ கொண்டு சேர்க்க வேண்டும். காவல் நிலையத்துக்கு 24 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்று 134 ஆம் பிரிவு விதிக்கிறது. நடைமுறைச் சடங்குகளுக்காகக் காத்திராமல் உடனே சிகிச்சை அளிப்பது மருத்துவரின் கடமையென்றும் அதே பிரிவு கூறுகிறது.

2016 பிப்ரவரியில், பெங்களூரை அடுத்த நெலமங்கலத்தின் அருகே லாரி மோதி உடல் சிதைந்த இளைஞர் ஒருவர், இறக்கும் தறுவாயில் தம் உறுப்புகளைத் தானம் செய்யுமாறு வேண்டினார். அவர் நினைவாக அதே ஆண்டில் கர்நாடக அரசு 'முக்கியமந்திரி சாந்த்வன ஹரீஷ்' திட்டத்தைத் தொடங்கி, விபத்துக்குள்ளானோருக்கு முதல் 48 மணி நேரத்தில் 25,000 ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சைக்கு வழிசெய்தது. 2025 மே மாதம் மைய அரசு அறிவித்த திட்டம், ஏழு நாள்களுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை இவ்வுதவியை நாடெங்கும் விரிவாக்கியுள்ளது. உதவ முன்வருவோர் வழக்குகளில் அலைக்கழிக்கப்படாதிருக்க, 134ஏ பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. எனினும் பணமும் சட்டமும் காயமுற்றவரைச் சாலையிலிருந்து தூக்கா. அதற்கு அருகில் நிற்பவரின் கைகளே வேண்டும்.

அபராதம் விலையாகாது

2022 டிசம்பரில் பெங்களூருவின் 50 சந்திப்புகளில் விதிமீறலைத் தாமே பதிவு செய்யும் நிழற்படக் கருவிகள் செயல்படத் தொடங்கின. 2023 பிப்ரவரியில் நிலுவை அபராதங்களில் பாதி தள்ளுபடி செய்யப்பட்டபோது, சில நாள்களிலேயே நூறு கோடி ரூபாய்க்கும் மேல் வசூலாயிற்று. இத்தொகையை அரசின் வருவாயாகக் கண்டு மகிழ்வதற்கில்லை. ஒவ்வொரு ரூபாயும் யாரோ ஒருவர் சிவப்பு விளக்கைக் கடந்ததையோ, தலைக்கவசத்தை மறந்ததையோ குறிக்கிறது. பணம் கட்டிவிட்டால் தவறு தீர்ந்தது என்னும் எண்ணமே பேரிடர்.

இதனை உணர்ந்தே, கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் இராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் 2014 இல் உச்ச நீதிமன்றம் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. குடித்துவிட்டு ஓட்டுதல், மிகுவேகம், சிவப்பு விளக்கை மீறுதல், ஓட்டும்போது கைப்பேசியில் பேசுதல் ஆகியவற்றுக்கு உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதங்கள் நிறுத்திவைக்குமாறு அக்குழு 2015 இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அபராதம் செல்வருக்குச் சுமையாகாது. உரிமத்தை இழத்தல் அனைவருக்கும் ஒன்றே.

முடிவுரை

தேர்வுத் தளத்தில் உணர்கருவி இருக்கிறது. சந்திப்பில் நிழற்படக் கருவி இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில் ஓட்டுநரின் மனச்சான்று ஒன்றே காவல். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் சாலை விதிகளோடு 134 ஆம் பிரிவின் கடமைகளையும் கற்பித்தல் வேண்டும். உரிமம் வழங்கும் அலுவலர், அட்டையைக் கையில் தரும்போதே அக்கடமைகளைச் சில சொற்களில் எடுத்துரைக்கலாம். சட்டைப்பையில் உள்ள அச்சிறு அட்டை, முன்பின் அறியாத மக்கள் நம்மீது வைத்த நம்பிக்கையின் சான்று. அந்நம்பிக்கையைக் காப்பதே உரிமம் பெற்றோரின் முதற்கடமையாகும்.