6 லட்ச ரூபாய்க்கு ஜப்பானில் வீடு: வாங்கும் முன் அப்பா கேட்கும் 5 கேள்விகள்



சித்தேரியைச் சேர்ந்த தம்பி ஒருத்தர் போன மாசம் நம்ம சேனலுக்கு எழுதியிருந்தார். ஜப்பானில், நாகோயா பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். "அண்ணா, இங்க ஒரு கிராமத்துல பழைய மரவீடு 10 லட்சம் யென்னுக்கு வருது. நம்ம காசுக்கு ஏறக்குறைய 6 லட்சம்தான். மூணு வருஷ சேமிப்பு இருக்கு, ரொக்கமாவே வாங்கிடலாம். வாங்கட்டுமா?"

நான் அவரிடம் திருப்பிக் கேட்டது ஒண்ணுதான். "சித்தேரியில் ஒரு பழைய ஓட்டு வீடு விலைக்கு வந்தா, உங்க அப்பா என்னென்ன கேட்பார்?" அந்தக் கேள்விகளையே ஜப்பான் வீட்டுக்கும் கேட்போம்.

முதலில், ஏன் இவ்வளவு மலிவு? 2023 அரசுக் கணக்கெடுப்பின்படி ஜப்பானில் சுமார் 90 லட்சம் வீடுகள் காலி. மொத்த வீடுகளில் இது 13.8%. பிள்ளைகள் நகரத்துக்குப் போயிட்டாங்க, பெரியவங்க காலமாயிட்டாங்க, வீடு பூட்டிக் கிடக்கு. வெளிநாட்டவர் அங்கே நிலத்தோடு வீடு வாங்கச் சட்டத்தில் தடையில்லை. ஆனா வீடு வாங்கினால் விசா கிடைக்காது. வேலை விசா முடிஞ்சா, வீடு இருந்தாலும் கிளம்பித்தான் ஆகணும்.

1. பத்திரம் யார் பேர்ல இருக்கு?

நம்ம ஊரில் தாத்தா பேரிலேயே பட்டா இருக்கிற மாதிரி, அங்கேயும் இறந்தவர் பேரிலேயே நிற்கும் வீடுகள் நிறைய. வாரிசுகள் பெயர் மாற்றிப் பதிவு செய்வதை 2024 ஏப்ரல் 1 முதல்தான் கட்டாயமாக்கினார்கள். அதனால் பதிவேட்டு நகலை வாங்கிப் பாருங்க. விற்கிறவர் பெயர் அதில் இல்லைன்னா, அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

2. வழி இருக்கா?

இது ரொம்ப முக்கியம். குறைந்தது 4 மீட்டர் அகலமுள்ள சாலையை மனையின் எல்லை 2 மீட்டராவது தொடணும். இல்லைன்னா பொதுவாக அந்த வீட்டை இடித்துவிட்டுப் புதுசா கட்ட அனுமதி கிடையாது. விலை பாதியா இருக்கிற பல வீடுகளுக்குக் காரணமே இதுதான். விளம்பரத்தில் மூலையில் சின்ன எழுத்தில் 'மறுகட்டுமானம் கூடாது'ன்னு போட்டிருப்பாங்க.

3. சுவர் தாங்குமா?

ஜப்பான் நிலநடுக்க நாடு. 1981 ஜூன் 1-இல் கட்டட விதியைக் கடுமையாக்கினார்கள். மரவீடுகளுக்கு 2000-இல் இன்னொரு தடவை இறுக்கினார்கள். கட்டட அனுமதி எந்தத் தேதியில் வாங்கியதுன்னு கேளுங்க. 1981-க்கு முந்தையது என்றால், வலுப்படுத்தும் செலவையும் விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் போடணும்.

இன்னொண்ணு. வரிக் கணக்குப்படி மரவீட்டின் ஆயுள் 22 வருஷம். அதைத் தாண்டிய கட்டடத்துக்கு வங்கிகள் பெரும்பாலும் மதிப்பே போடுவதில்லை. நிரந்தரக் குடியுரிமை அனுமதி இல்லாதவருக்குக் கடன் கிடைப்பதும் கஷ்டம். இன்று உங்களுக்குக் கிடைக்காத கடன், நாளை உங்களிடம் வாங்க வருபவருக்கும் கிடைக்காமல் போகலாம். அதனால் விற்பதும் கஷ்டம்.

4. வாங்கின பிறகு என்ன செலவு?

தம்பியின் வீட்டுக்கே கணக்குப் போடுவோம்:

- வீட்டு விலை: 10 லட்சம் யென்
- தரகு: 3.3 லட்சம் யென் வரை (80 லட்சம் யென் வரையிலான வீடுகளுக்கு 2024 ஜூலை முதல் இந்த உச்சவரம்பு)
- பதிவு வரி, பத்திர எழுத்தர் கட்டணம், வாங்கும்போது ஒருமுறை கட்டும் வரி: தனி
- வருஷா வருஷம் சொத்து வரி: அரசு மதிப்பில் 1.4%
- விற்க முடியாமல் இடிக்க வேண்டி வந்தால்: சின்ன மரவீட்டுக்கே 10 லட்சம் யென்னைத் தாண்டுவது சாதாரணம்

பார்த்தீங்களா? வாங்குற விலையும் இடிக்கிற செலவும் ஒண்ணுதான்! பூட்டிப் போட்டுட்டு வந்துடலாம்னு நினைச்சா அதுவும் சிக்கல். 2023 டிசம்பரில் அமலுக்கு வந்த திருத்தச் சட்டப்படி, பராமரிக்காத காலி வீட்டுக்கு நகராட்சி எச்சரிக்கை கொடுத்தும் சரி செய்யலைன்னா, மனைக்கான வரிச் சலுகை போயிடும்.

5. ஊருக்குத் திரும்பிட்டா?

இங்கேதான் சிஏ-வா நான் பேசணும்.

நீங்க என்ஆர்ஐ-யா இருக்கும்போது, அங்கே சம்பாதித்த பணத்தில் அங்கே வீடு வாங்க ரிசர்வ் வங்கி அனுமதி தேவையில்லை. திரும்பி வந்த பிறகும் அதை வைத்துக்கொள்ள ஃபெமா சட்டம் பிரிவு 6(4) அனுமதிக்குது. ஆனா அப்பா இங்கிருந்து பணம் அனுப்பினால் கதை வேற. வருஷத்துக்கு 2.5 லட்சம் டாலர் வரம்பு உண்டு. வீட்டுக்காக அனுப்பும் பணம் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20% டிசிஎஸ் பிடிப்பாங்க. ரிட்டர்ன் போட்டு அதைக் கழிச்சுக்கலாம், ஆனா அதுவரை பணம் முடங்கும்.

திரும்பி வந்த புதுசுல பலருக்கு 'சாதாரணமாக வசிக்காதவர்' என்ற தகுதி கிடைக்கும். அது முடிஞ்சு முழு 'ரெசிடென்ட்' ஆனதும், வருஷா வருஷம் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் இந்த வீட்டைக் காட்டணும். வாடகை வரலைன்னாலும் காட்டணும். ஐடிஆர்-1 போடக் கூடாது.

காட்டலைன்னா? 2015 கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை போகும் அபராதம் இல்லை, நேராகவே 10 லட்சம். 2024 அக்டோபரில் 20 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துகளுக்கு விலக்கு கொடுத்தாங்களேன்னு கேட்பீங்க. அந்த விலக்கு வங்கிக் கணக்கு, பங்கு மாதிரியானவற்றுக்குத்தான். வீடு, நிலத்துக்குக் கிடையாது. 6 லட்ச ரூபாய் வீட்டுக்கு 10 லட்ச ரூபாய் அபராதம்!

அப்போ வாங்கவே கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். குறைந்தது பத்து வருஷம் அங்கேயே இருக்கப் போறீங்க, வழி இருக்கு, பத்திரம் சுத்தம், ரிப்பேர் செலவுக்கு வீட்டு விலை அளவுக்குத் தனியா பணம் இருக்குன்னா தாராளமா வாங்குங்க. வாடகை மிச்சமாகும். மூணு நாலு வருஷத்தில் ஊர் திரும்புற திட்டம் இருந்தா, வாடகை வீடே போதும்.

தம்பி இன்னும் முடிவு எடுக்கலை. பதிவேட்டு நகலும் சாலை விவரமும் முதலில் கேட்டிருக்கார். அட்வான்ஸ் மட்டும் கொடுக்கலை. அப்பா கேட்டிருந்தாலும் இதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்.