சைலன்சர் மாற்றியாச்சு, மைலேஜ் எவ்வளவு?

ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், காற்றை அதிகம் விடும் ஏர் ஃபில்டர், ஒரு பல் கூடிய முன் ஸ்ப்ராக்கெட். இதெல்லாம் போட்டவர்கள் மறுபடி மெக்கானிக்கிடம் வந்து சொல்வது இரண்டு புகார்: "மைலேஜ் இறங்கிடுச்சுண்ணே", "பெட்ரோல் மீட்டர் தப்பா காட்டுது". முதலாவதை அளந்துதான் சொல்ல முடியும். இரண்டாவது பெரும்பாலும் வீண்பழி. டேங்குக்குள் மிதக்கும் ஃப்ளோட்டுக்கு எஞ்சினில் நடந்தது எதுவும் தெரியாது. பெட்ரோல் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதைத்தான் காட்டும். ஒரு கோடு இறங்க முன்பு 60 கி.மீ. ஆனது, இப்போது 50-லேயே இறங்குகிறது என்றால் மீட்டர் சரியாகத்தான் வேலை செய்கிறது.

(அனுமதியில்லாத மாற்றங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.)

பார்ட்ஸை இன்னும் மாற்றவில்லை என்றால், பழைய நிலையிலேயே சில டேங்க் ஓட்டி மைலேஜை எழுதி வையுங்கள். "அப்போ 45 கொடுத்துச்சு" என்ற ஞாபகக் கணக்கு உதவாது. அந்த 45 எந்தப் பெட்ரோலில்? 20% எத்தனால் கலந்த பெட்ரோலில், கலப்பில்லாததைவிட லிட்டருக்கு ஏறக்குறைய 7% ஆற்றல் குறைவு. அந்த இழப்பையும் சேர்த்து சைலன்சர் தலையில் கட்டிவிடுகிறோம்.

அடுத்து கிலோமீட்டரைச் சரிபாருங்கள். ஸ்பீடோமீட்டருக்கான சென்சாரோ கேபிளோ முன் சக்கரத்தில் இருந்தால் ஸ்ப்ராக்கெட் மாற்றம் அதைப் பாதிக்காது. கியர்பாக்ஸ் பக்கம் சென்சார் இருந்தால் பாதிக்கும். முன் ஸ்ப்ராக்கெட் 15 பல்லிலிருந்து 16-க்குப் போனால், மீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 106.7 கி.மீ. ஓடியிருக்கும். மைலேஜ் குறைந்ததாகத் தெரிவதில் பாதி இந்தக் கோளாறாகவே இருக்கலாம். நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கற்களைப் பார்த்து 20 கி.மீ. ஓட்டி, ட்ரிப் மீட்டரோடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும்.

இனி ஃபுல் டேங்க் கணக்கு. எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் கோட்டை விடுவது பங்க்கில் நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தில். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். நாசில் தானாக நின்றதும் மூடியை மாட்டிவிடாதீர்கள். நுரை அடங்க ஒரு நிமிடம் விட்டு, கழுத்தின் அடி விளிம்பு வரை மெதுவாக நிரப்பச் சொல்லுங்கள். அதற்கு மேல் வேண்டாம். இடுப்பால் வண்டியை ஆட்டி ஆட்டிக் கழுத்துக்குள்ளும் ஏற்றினால், பிஎஸ்6 வண்டிகளில் பெட்ரோல் ஆவியைப் பிடிக்க வைத்திருக்கும் கரிப்பெட்டிக்குள் பெட்ரோலே போய்விடும். ட்ரிப்பை பூஜ்யமாக்கி, டேங்க் பாதிக்குக் கீழே இறங்கும்வரை ஓட்டுங்கள். மறுபடி நிரப்பும்போதும் அதே பங்க், முடிந்தால் அதே பம்ப், அதே விளிம்பு. ஓடிய கிலோமீட்டரை இப்போது பிடித்த லிட்டரால் வகுங்கள். ஒரே டேங்கை நம்பாமல் சில டேங்குகளின் மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்தால், நிரப்புவதில் வரும் பிசகு அமுங்கிவிடும். இன்னொன்று: புது சைலன்சர் சத்தத்துக்காகவே ஆக்ஸிலேட்டரை முறுக்கும் ஆசை முதல் வாரத்தில் எல்லோருக்கும் வரும். அது தணிந்த பிறகு எடுக்கும் கணக்குதான் கணக்கு.

டிஸ்ப்ளேயில் வரும் சராசரி மைலேஜை இதற்கு நம்பாதீர்கள். இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்து இசியு போடும் கணக்கு அது. இசியுவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே பிக்கிபேக் பெட்டியை மாட்டி 8% கூடுதலாக ஊற்ற வைத்தால், அது இசியுவுக்குத் தெரியாது. திரையில் 40 என்று இருக்கும். கையில் கிடைப்பது 37.

கார்புரேட்டர் வண்டியில் மைலேஜ் நிஜமாகவே விழுந்திருந்தால், பெரிய மெயின் ஜெட்டை மட்டும் குறை சொல்லாதீர்கள். அது முக்கால் த்ராட்டிலுக்கு மேலேதான் ஆட்சி செய்யும். ஊருக்குள் ஓட்டும்போது குடிப்பது பைலட் ஜெட்டும் நீடிலும். நீடில் கிளிப்பை ஒரு காடி மேலே ஏற்றினால் நீடில் கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். பிளக் கரியாக இருந்தால் இதைச் செய்யலாம். வெளுத்திருந்தால் தொடாதீர்கள்; ஏற்கெனவே பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடாகிறது.

கடைசியில் பெட்ரோல் மீட்டர். டேங்க் ஃப்ரேமின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருப்பதால் மேலே அகலம், கீழே ஒடுக்கம். எல்லாக் கோட்டுக்கும் ஒரே லிட்டர் இருக்காது. ஒவ்வொரு முறை நிரப்பும் முன்பும் வண்டியைச் சமதளத்தில் நேராக நிறுத்தி, எத்தனை கோடு இருந்தது, எத்தனை லிட்டர் பிடித்தது என்று அட்டவணையாகக் குறித்துக்கொள்ளுங்கள். 13 லிட்டர் டேங்கில் 2 கோடு இருக்கும்போது 8.6 பிடித்தால், 2 கோட்டுக்கு மீதம் 4.4 லிட்டர். அதைப் புது மைலேஜால் பெருக்கினால் எவ்வளவு தூரம் போகலாம் என்று தெரியும். வேறு மாடல் டேங்க் மாட்டியவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு உதவாது. ஃப்ளோட்டின் ஓம்ஸ் அளவு மீட்டரோடு பொருந்துகிறதா என்று முதலில் மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும்.

அட்டவணையைச் சீக்கிரம் முடிக்க டேங்கை வற்றவிட்டுச் சோதிக்காதீர்கள். எஃப்ஐ வண்டியில் பம்ப் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கித்தான் குளிர்கிறது. கடைசிக் கோடு மினுக்கத் தொடங்கியதும் நிரப்பிவிடுங்கள்.