ராகிங்: வேடிக்கையா? வேதனையா?



ஒவ்வோர் ஆண்டும் வகுப்புகள் தொடங்கும் சமயத்தில், மண்ணச்சநல்லூரிலிருந்து நான் வரும் பஸ்ஸில் சில புதுமுகங்களைப் பார்க்கிறேன். தோளில் டிராயிங் ஷீட் வைக்கும் குழாய், கையில் மினி டிராஃப்டர். நம்பர் ஒன் டோல்கேட் தாண்டும்போதே அவர்கள் பேச்சு நின்றுவிடும். "சீனியருங்க என்ன செய்வாங்களோ" என்ற பயம்தான் காரணம். இந்தப் பயத்தைப் பற்றி, நம் எல்லோருக்கும் பயன்படும்படி சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

எது ராகிங்?

"சும்மா ஜாலிக்குத்தான் மச்சி, பேசிப் பழகத்தானே கூப்பிட்டோம்" என்பார்கள். பழகுவது நல்லதுதான். ஆனால் ஒரு சின்ன சோதனை வைத்துப் பாருங்கள். கூப்பிட்டவரிடம் அந்த ஜூனியர் "முடியாதுண்ணே" என்று சொல்லிவிட்டு, பயமில்லாமல் வகுப்புக்குப் போக முடியுமா? முடியும் என்றால் அது பழக்கம். முடியாது என்றால் அது ராகிங்.

சட்டமும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. அடிப்பது மட்டும் ராகிங் ஆகாது. கேலி செய்வது, திட்டுவது, ஒரு மாணவன் சாதாரணமாக விரும்பிச் செய்யாத காரியத்தைச் செய்யச் சொல்வது, அவனுக்குப் பயமோ வெட்கமோ உண்டாக்குவது எல்லாமே ராகிங்தான். அப்படியானால் ரெக்கார்டு நோட்டு எழுதித் தரச் சொல்வதும், சல்யூட் அடிக்கச் சொல்வதும், ஊரையும் சாதியையும் கேட்டுப் பட்டப்பெயர் வைப்பதும் இதில் அடங்கும்.

"இவ்வளவு சின்ன விஷயத்துக்கா?" என்று கேட்கலாம். மெக்கானிக்கல் படிப்பவர்களுக்குத் தெரியும். பெரிய சுமை வைத்தால்தான் ஷாஃப்ட் ஒடியும் என்பதில்லை. சிறிய சுமை திரும்பத் திரும்ப விழுந்தாலும் உள்ளே விரிசல் விட்டு ஒருநாள் ஒடிந்துவிடும். மனுஷ மனசும் அப்படித்தான்.

எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் வேறொரு கல்லூரியில் டிப்ளமோ சேர்ந்தான். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர். கடன் வாங்கித்தான் ஃபீஸ் கட்டினார். மூன்றாவது வாரம் பையன் நின்றுவிட்டான். "படிப்பு ஏறலை" என்று மட்டும் வீட்டில் சொன்னான். உண்மைக் காரணத்தை வெகுநாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னான். அவனை யாரும் அடிக்கவில்லை. தினமும் இருபது பேர் கூடி நின்று சிரித்தார்கள், அவ்வளவுதான்.

சிதம்பரம் தந்த பாடம்

1996 நவம்பர் மாதத்தைத் தமிழ்நாடு மறக்க முடியாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு படித்த நாவரசு என்ற மாணவர் காணாமற் போனார். ராகிங்குக்குப் பணியாத அவரை ஜான் டேவிட் என்ற மூத்த மாணவர் கொலை செய்தார் என்பது வழக்கு. 1998ல் கடலூர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2001ல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2011ல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து, தண்டனையை உறுதி செய்தது. நீதி முழுமையாகக் கிடைக்கப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நாவரசுவின் தந்தை டாக்டர் பொன்னுசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்பை வகித்தவர். அப்பேர்ப்பட்டவரின் மகனுக்கே இந்தக் கதி என்றால், மூட்டை தூக்குபவர் மகனுக்கு யார் துணை?

கடல் தாண்டியும் இதே கதைதான். இலங்கைத் தமிழர்கள் ராகிங்கைப் 'பகடிவதை' என்று சொல்கிறார்கள். பகடி வதையாக மாறுவதை அந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது. 1997ல் அங்கே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வரப்பிரகாஷ் என்ற தமிழ் மாணவர், சீனியர்கள் கட்டாயப்படுத்திச் செய்யவைத்த கடும் உடற்பயிற்சியால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். மறு ஆண்டே அந்நாட்டில் பகடிவதைத் தடைச் சட்டம் வந்தது.

சட்டம் நமக்குத் தரும் துணை

நாவரசுவின் மரணத்துக்குப் பிறகு, 1997ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. குற்றம் உறுதியானால் 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். கல்லூரியிலிருந்து நீக்கப்படுவதோடு, வேறு கல்லூரியிலும் இடம் கிடைக்காது. விளையாட்டுக்குச் செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்தில் அமன் கச்ரு என்ற மருத்துவ மாணவர் ராகிங்கில் அடிபட்டு இறந்தார். அதே ஆண்டு யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் கடுமையான விதிமுறைகளை வெளியிட்டன. நம்மைப் போன்ற பாலிடெக்னிக்குகளுக்கும் அவை பொருந்தும். சேரும்போது நாமும் பெற்றோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரம் இந்த விதிகளால் வந்ததுதான். படிக்காமலே கையெழுத்துப் போட்டவர்கள் இனியாவது ஒருமுறை படித்துப் பாருங்கள்.

நமக்குக் கூடுதல் பொறுப்பு ஏன்?

மருத்துவக் கல்லூரிக்கு வருபவர்கள் பிளஸ் டூ முடித்தவர்கள். நம்மிடம் வரும் ஜூனியரோ பத்தாம் வகுப்பு முடித்து வருகிறவன். வயது பதினைந்து, பதினாறுதான். பார்க்கப்போனால் அவன் இன்னும் பள்ளிப் பிள்ளை.

பள்ளியிலும் நிலைமை நன்றாக இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களின் சாதித் தொல்லையைப் பற்றிப் புகார் சொன்ன ஒரு பிளஸ் டூ மாணவனை, அவன் வீட்டுக்கே போய் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. இதையடுத்து அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கலர் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. இதிலிருந்து நாம் படிக்க வேண்டியது, புகாரை வாங்கி வைப்பதோடு கடமை முடிவதில்லை, புகார் சொன்னவனுக்குப் பாதுகாப்பும் தர வேண்டும் என்பதே.

வேடிக்கை பார்ப்பவர் கையில்தான் சாவி

பின்லாந்து நாட்டு ஆய்வாளர் கிறிஸ்டினா சால்மிவல்லி 1996ல் ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார். வதைப்பவன், வதைபடுபவன் என இரண்டே பேர் இதில் இல்லை. கூட உதவுகிறவன், சிரித்து உற்சாகம் ஊட்டுகிறவன், ஒதுங்கிப் போகிறவன், காப்பாற்ற வருகிறவன் என்று சுற்றி நிற்பவர்களுக்கும் பங்கு உண்டு. சிரிப்பவர்கள் கலைந்து போய்விட்டால், தொந்தரவு செய்பவனுக்கு அரங்கமே இல்லை!

இதில் இரண்டாமாண்டு மாணவர்களின் பங்கு ரொம்பப் பெரியது. "போன வருஷம் நாங்க பட்டோம், இந்த வருஷம் இவங்க படட்டும்" என்று நினைக்கும் வரை இந்தச் சங்கிலி அறாது. பட்ட வலி தெரிந்தவனே அதை நிறுத்த முடியும்.

நாம் செய்ய வேண்டியவை

1. தொந்தரவுக்கு ஆளான தம்பி, தங்கைகளே! தேதி, நேரம், இடம், யார் யார் இருந்தார்கள் என்பதை அன்றே எழுதி வையுங்கள். செல்போனில் வந்த மெசேஜை அழிக்காதீர்கள்.

2. வீட்டில் ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லுங்கள். அப்பாவிடம் சொல்லத் தயக்கம் என்றால் அம்மாவிடமோ, அக்காவிடமோ, மாமாவிடமோ சொல்லுங்கள்.

3. புகாரை எழுத்தில் கொடுங்கள். வகுப்பு ஆசிரியர், துறைத் தலைவர், பிரின்சிபால், ராகிங் தடுப்புக் குழு யாரிடமும் தரலாம். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

4. அகில இந்திய ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் குழந்தைகள் உதவி எண் 1098லும் பேசலாம். இரண்டும் இலவசம்.

5. பார்ப்பவர்களே! சண்டை போட வேண்டாம். "டேய் தம்பி, உன்னை சார் கூப்பிடுறார், வா" என்று அவனை அங்கிருந்து அழைத்து வந்தாலே பாதி வேலை முடிந்தது. பிறகு அவன் புகார் கொடுக்கும்போது சாட்சியாக நில்லுங்கள்.

6. மாணவர் சங்கம் முதல் மாதம் முழுக்க பஸ் நிறுத்தம், கேன்டீன், ஹாஸ்டல் மூன்று இடங்களிலும் ஆள் நிறுத்தலாம். ஒவ்வொரு ஜூனியருக்கும் ஒரு சீனியரைத் துணையாகக் காட்டிவிடலாம். தொல்லை தந்தவரோடும் ஆசிரியர் முன்னிலையில் பேசித் திருத்தப் பார்க்கலாம். திருந்தாதவருக்குச் சட்டம் இருக்கிறது.

நண்பர்களே! ஜூனியருக்கு டி-ஸ்கொயர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த சீனியரை அவன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான். மண்டியிட வைத்த சீனியரையும்தான் மறக்க மாட்டான். எந்த வகையில் நம்மை நினைக்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்வோம். பயமில்லாமல் பஸ் ஏறி வரும் ஜூனியர்களே நம் சங்கத்துக்குப் பெருமை!

— மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன், மண்ணச்சநல்லூர்